பிரேக்கில் ஒன்றுமில்லை

அந்த வண்டியின் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழுதுப் புத்தகத்தில் 'பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை' என்று மூன்று தடவை என் கையால் எழுதினேன். மூன்றும் பொய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு ஆடத் தெரியும், பதினோரு வருடமாக ஆடிக்கொண்டுதான் இருக்கிறேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

பேருந்து ஓட்டுகிறேன். எங்கள் பணிமனையில் நாற்பத்திரண்டு ஓட்டுநர்கள், அதில் நாற்பத்தொரு பேர் ஆண்கள். அவர்களில் ஒருவன் வண்டியைத் தூணில் இடித்தால் தூண் இருந்த இடம் தப்பு. நான் கண்ணாடியில் ஒரு கீறல் போட்டால் உலகத்துப் பெண்கள் யாருக்கும் ஓட்டத் தெரியாது. பதினோரு வருடமாக அந்த ஒரு கீறல் விழாமல் ஓட்டினேன். அதற்காக யாரும் எனக்கு மாலை போடவில்லை, நானும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கவில்லை.

ரயில் நிலையத்திலிருந்து பெரிய மருத்துவமனை வரை என் தடம். நடுவே ஒரு மேம்பாலம். இரண்டு கிலோமீட்டர் நீளம். ஏறிவிட்டால் இறங்க வழியில்லை, ஒதுங்க இடமில்லை, இரண்டு பக்கமும் இடுப்பளவுச் சுவர். அதில் ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கியிருக்கிறேன்.

அன்றைக்குக் காலை ஒன்பதேகால் மணி. ஒன்றும் நடக்கவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. யாரும் குறுக்கே ஓடவில்லை, எந்த விபத்தையும் பார்க்கவில்லை, வீட்டில் சண்டையில்லை, காலையில் வயிறாரச் சாப்பிட்டிருந்தேன். பாலத்தில் பாதி தூரம் ஏறியிருப்பேன், விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. பிறகு நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. சாதாரண அடி இல்லை, கதவை உடைக்கிற அடி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காது அடைத்தது. என் கை என் கையாக இல்லை, யாரோ கழற்றி ஸ்டீயரிங்மேல் வைத்துவிட்டுப் போனது போல் இருந்தது. செத்துவிடப் போகிறேன், பின்னால் உட்கார்ந்திருக்கிற ஐம்பது பேரையும் அந்தச் சுவரைத் தாண்டிக் கொண்டுபோய்விடப் போகிறேன் என்று சத்தியமாக நம்பினேன்.

நிறுத்தினேன். மேம்பாலத்தின் உச்சியில், நடுச்சாலையில், நான்கு விளக்கையும் மின்ன விட்டு நிறுத்தினேன். பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. எங்கள் நடத்துநரை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். விசில் ஓடிவந்து, "என்னக்கா ஆச்சு?" என்றான். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு ஆள், சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருந்தவன், எழுந்து நின்று சொன்னான்: "பொம்பளைக்கிட்ட வண்டியக் குடுத்தா இப்படித்தான்."

அந்த ஒரு வார்த்தைதான். என் வாய் தானாகத் திறந்தது. "பிரேக் சரியில்ல," என்றேன்.

உடனே வண்டியே மாறிப்போயிற்று. "அய்யோ, நல்ல வேளை நிறுத்தினீங்கம்மா" என்றாள் ஒருத்தி. குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்தவள் என்னைக் கும்பிட்டாள். நான்கு பேனாக்காரன்கூட, "நிதானமான கை" என்றான். வண்டிக்குக் கோளாறு என்றால் நான் தெய்வம். எனக்குக் கோளாறு என்றால் நான் பொம்பளை. இதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

பணிமனைக்கு வந்து பழுதுப் புத்தகத்தில் எழுதினேன். அந்தப் புத்தகத்தில் இடது பக்கம் ஓட்டுநர் குறையை எழுத வேண்டும். வலது பக்கம் மெக்கானிக் என்ன செய்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வலது பக்கம் காலியாக இருந்தால் வண்டி வாசலைத் தாண்டாது.

அந்த வலது பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறவன் என் கொழுந்தன். என் வீட்டுக்காரரின் தம்பி. நான்தான் அந்த வேலையில் சேர்த்துவிட்டேன். ஆறு வருடமாகத் தற்காலிகம். இந்த வருடம் நிரந்தரமாக்கும் பட்டியலில் ஏழாவதாக அவன் இருந்தான், அடுத்த மாதம் உத்தரவு வர வேண்டும். அவன் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் துடைத்து, லைனிங்கை அளந்து பார்த்தான். எல்லாம் கல்லு மாதிரி இருந்தது. 'குறை எதுவும் இல்லை' என்று எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதினால் அண்ணி பொய் எழுதியிருக்கிறாள் என்று அர்த்தம். ஆகவே கழற்றியதை எல்லாம் மறுபடி பூட்டிவிட்டு, 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மரியாதை தெரிந்த பையன். நாசமாய்ப் போன மரியாதை.

அடுத்த வாரம் அதே இடத்தில் மறுபடி வந்தது. மறுபடி நிறுத்தினேன், மறுபடி பிரேக் என்றேன். இந்தத் தடவை யோசித்துத்தான் சொன்னேன், அதனால் பாவம் இரண்டு மடங்கு.

அன்று சாயங்காலம் மாரடைப்பாக இருக்குமோ என்று ஒரு டாக்டரிடம் தனியாகப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா என் வயதுக்காரி. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "உங்க இதயம் நல்லா இருக்கு. இது பதற்றத் தாக்குதல்," என்றாள். "வரும்போது சாகப் போறோம்னு தோணும். ஆனா சாக மாட்டீங்க. பத்து நிமிஷத்துல உச்சிக்குப் போயிட்டு தானா இறங்கிடும்."

"எதனால வருது?"

"சில பேருக்குக் காரணம் இருக்கும். சில பேருக்கு இருக்காது."

காரணமே இல்லாமல் வருகிறதாம். கடன்காரனாவது காரணத்தோடு வருவான். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும் என்றாள். அதோடு சண்டை போடாதீர்கள், 'வந்துட்டியா, வா, உக்காரு' என்று சொல்லிப் பாருங்கள் என்றாள். கழுத்தைப் பிடிக்க வருகிறவனுக்கு நாற்காலி போடச் சொல்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கடைசியாக ஒன்று சொன்னாள்: "நீங்க ஐம்பது பேர வச்சு ஓட்டுறவங்க. ஆபீஸ்ல சொல்லுங்க. சரியாகுற வரைக்கும் ஓட்டாதீங்க. இது குணமாகுற விஷயம்தான்." ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தாள்.

சீட்டை மடித்துக் கைப்பையின் உள் பையில் வைத்தேன். ஆபீஸில் சொல்லவில்லை. நாற்பத்தொரு பேர் முகமும் கண்முன் வந்து நின்றது. வீட்டுக்காரரிடம் மட்டும் பாதி சொன்னேன். பாலத்தில் போகும்போது நெஞ்சு படபடக்கிறது என்றேன். அவர் தையல் மெஷினை நிறுத்தாமலே, "எதையாவது நெனச்சுக்கிட்டே ஓட்டாத. தைரியமா இரு," என்றார். தைரியம் கடையில் கிடைத்தால் மூட்டையாக வாங்கி அடுக்கியிருக்க மாட்டேனா? நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்களின் புத்திமதியைப் போல எரிச்சல் ஊட்டுவது வேறொன்றும் இல்லை.

மூன்றாவது தடவை நிறுத்தியபோது பின்னால் வந்த கார் ஒன்று இடிக்கப் பார்த்தது, மயிரிழையில் தப்பியது. அதோடு விஷயம் தலைமை அலுவலகம் வரை போய்விட்டது. ஒரே வண்டி, ஒரே குறை, மூன்று தடவை 'சரிசெய்யப்பட்டது', மூன்று தடவையும் ஒரே மெக்கானிக்கின் கையெழுத்து. விசாரணை வியாழக்கிழமை பத்து மணிக்கு என்று நோட்டீஸ் வந்தது. நோட்டீஸ் எனக்கு இல்லை. என் கொழுந்தனுக்கு. கவனக்குறைவு நிரூபணமானால் வேலையிலிருந்து நீக்கம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

புதன்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அண்ணி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க," என்றான். "பெடல மிதிக்கும்போது மெத்துன்னு உள்ள போச்சா, இல்ல கல்லு மாதிரி நின்னுச்சா?"

சொல்லிவிடுடி என்று மனசு அடித்துக்கொண்டது. வாய், "மெத்துன்னு இருந்துச்சு," என்றது.

"அப்ப பிரேக்குக்குப் போற காத்து கசியுது. முந்தாநாளு பூரா ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் சோப்புத் தண்ணி தடவிப் பாத்தேன், ஒரு குமிழி வரல. இன்னைக்கும் பாத்தேன்." தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்குத்தான் கை சரியில்ல போல அண்ணி. நான் பூட்டினதுல ஏதோ தப்பு இருக்கு. கண்டுபிடிக்கத் தெரியல."

அவனைப் பளாரென்று அறைய வேண்டும் போல இருந்தது. என்னை ஏன்டா இப்படி நம்பித் தொலைக்கிறாய் என்று. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பாத்திரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். காப்பி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டான். த்தூ, நானும் ஒரு மனுஷி.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மேலாளர் அறை. மேலாளர், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி, நான், சுவரோரம் நின்றபடி கொழுந்தன். அவனுக்கு நாற்காலி கொடுக்கவில்லை. பாதுகாப்பு அதிகாரி பேச்சில் சிக்கனம், பேனாவில் தாராளம். மேலாளர் தட்டச்சு செய்த தாளை உரக்கப் படித்தார். மெக்கானிக்கின் தொடர்ந்த கவனக்குறைவு, ஓட்டுநரின் விழிப்புணர்வால் பெரும் ஆபத்து தவிர்க்கப்பட்டது, ஓட்டுநருக்குப் பாராட்டுக் கடிதம் தரலாம்.

"கையெழுத்துப் போடுங்கம்மா," என்று தாளை என் பக்கம் தள்ளினார்.

பாராட்டுக் கடிதம்! பதினோரு வருடம் ஒழுங்காக ஓட்டியபோது வராத பாராட்டு, மூன்று பொய்க்கு வருகிறது. எனக்குள் ஏதோ அறுந்தது.

"பிரேக்ல ஒண்ணும் இல்ல சார். எனக்குத்தான்," என்றேன்.

"உங்களுக்குத்தான் என்ன?"

சீட்டை எடுத்து மேசையில் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பு, நெஞ்சு, சுவர், நான்கு பேனாக்காரன் எல்லாவற்றையும். கொழுந்தன் பக்கம் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. மேலாளர் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"கொழுந்தன் ஆச்சே, பாசம் இருக்கத்தான் செய்யும். ஆனா இப்படி எல்லாம் சொல்லிக் காப்பாத்த முடியாதும்மா. இப்படி ஒரு வியாதி இருந்தா பதினோரு வருஷம் ஓட்டியிருப்பீங்களா?"

பொய்யைப் பழுதுப் புத்தகத்தில் எழுதியபோது ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினார்கள். உண்மையை டாக்டர் கையெழுத்தோடு கொடுக்கிறேன், சிரிக்கிறார்கள். தலையில் அடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

பாதுகாப்பு அதிகாரி முதல் தடவையாக வாயைத் திறந்தார். கொழுந்தனைப் பார்த்து, "இவங்க சொல்றது உண்மைன்னா, நீங்க மூணு தடவ எதைச் சரிசெஞ்சீங்க?" என்று கேட்டார்.

அவன் தரையைப் பார்த்தான். குறை இருந்தது என்றால் கண்டுபிடிக்காத கவனக்குறைவு. குறை இல்லை என்றால் பொய்க் கையெழுத்து. இரண்டு பக்கமும் கிணற்றை வெட்டி நடுவில் அவனை நிறுத்தியிருந்தேன்.

"வண்டிய எடுங்க," என்றார் அதிகாரி. "அந்தப் பாலத்துலயே பாத்துருவோம்."

பயணிகள் இல்லாத வண்டி, வேகம் இருபதுக்கு மேல் போகக்கூடாது, பின்னால் விளக்கை மின்னவிட்டபடி ஒரு ஜீப். மேலாளர் முதல் வரிசையில் உட்கார்ந்தார், அதிகாரி அவருக்குப் பின்னால். கொழுந்தன் என் பக்கத்தில் நின்றான், ஹேண்ட் பிரேக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி அவன் கை.

பாலத்தில் ஏறினேன். வா, என்றேன் மனசுக்குள். வந்துட்டியா, வா, உக்காரு. இன்றைக்கு நீ வந்தே ஆக வேண்டும், வந்து இவர்கள் கண்ணெதிரே என் கழுத்தைப் பிடி. வரவில்லை! உச்சி வந்தது, வரவில்லை. என் கை இரும்பு மாதிரி ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது. வராதே வராதே என்று கெஞ்சினேன், அப்போதெல்லாம் வந்தது. இப்போது வா வா என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறேன், அது மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்ட மருமகன் மாதிரி எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. மறுமுனையில் இறங்கி வண்டியை நிறுத்தினேன்.

"அருமையா ஓட்டுறீங்களேம்மா," என்றார் மேலாளர். "நான்தான் சொன்னேனே சார். திரும்பிப் போயி ரிப்போர்ட்ட முடிச்சிடலாம். இவன இன்னைக்கே அனுப்பிடலாம்."

'இவன' என்றார். ஆறு வருடம் அவர் வண்டிகளின் அடியில் படுத்துக் கிடந்தவன் அவருக்கு 'இவன்'. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிற்று. வண்டியைத் திருப்பி மறுபடி பாலத்தில் ஏற்றினேன். பாதி தூரத்தில் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது.

"வந்துருச்சு," என்றேன் உரக்க. "சார், இப்ப வந்துருச்சு. பாத்துக்குங்க. கை மரத்துப் போகுது. நெஞ்சு அடிக்குது. இப்ப காது அடைக்குது, நான் பேசறது எனக்கே தூரத்துல கேக்குது. அந்தச் சுவரு இந்தப் பக்கம் வர்ற மாதிரி இருக்கு."

"நிறுத்துங்கம்மா!" மேலாளர் எழுந்துவிட்டார். "நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"பயப்படாதீங்க. வண்டி நேராத்தான் போகுது. இருபதுலதான் போகுது."

அது உண்மை. கை நடுங்கியது, முதுகு நனைந்திருந்தது, செத்துவிடுவேன் என்று உடம்பு முழுக்கக் கத்தியது. ஆனாலும் வண்டி கோட்டுக்குள் போனது. மூச்சை நீளமாக விட்டேன். வாயால் சொல்லச் சொல்ல அது என்னைவிட ஒரு அடி தள்ளியே நின்றது. இதை யாரிடமாவது முன்பே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்று அந்த நிலையிலும் என்மேல் எனக்குக் கோபம் வந்தது.

அதிகாரி மட்டும் அசையவில்லை. "இப்ப பிரேக் போடுங்க," என்றார்.

மிதித்தேன். நின்றது. வண்டியின் மூக்கு முன்னால் சாயாமல் அப்படியே நின்றது.

"மறுபடி."

நகர்த்தி, மிதித்தேன். நின்றது. மூன்றாவது தடவையும் நின்றது. கொழுந்தன் காற்றழுத்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். "பிடிக்குது," என்றான். "முள்ளு இறங்கவே இல்ல. பிரேக் பிடிக்குது." பிறகு என் முகத்தைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், தானே ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டான்.

மேலாளர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்து, சட்டை கழுத்தோடு ஒட்டியிருந்தது. எனக்கு விட மனசில்லை.

"உங்களுக்கு என்ன சார், பிரேக் சரியில்லையா?" என்றேன்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எழுதினார். எட்டு நிமிஷத்தில் அது இறங்கிற்று. பணிமனையிலிருந்து வேறு ஓட்டுநரை வரவழைத்து அவனிடம் வண்டியைக் கொடுத்தார்கள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக என் வண்டியில் நான் பயணியாக உட்கார்ந்து வந்தேன்.

சாயங்காலத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. டாக்டர் சான்றிதழ் தரும்வரை நான் வண்டியைத் தொடக்கூடாது, வண்டிகள் வந்துபோகும் நேரம் குறிக்கும் அறையில் உட்கார வேண்டும். அது நியாயம், எனக்கு மறுப்பில்லை. கொழுந்தனுக்கு வேலை போகவில்லை. ஆனால் செய்யாத வேலையைச் செய்ததாக எழுதிய குற்றத்துக்காக நிரந்தரப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். இன்னும் இரண்டு வருடம் தற்காலிகம்.

பட்டறையில் அவன் ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி, என்னை ரெண்டு திட்டு திட்டிடுப்பா," என்றேன்.

"திட்டி என்ன ஆகப் போகுது?" ஸ்பேனரைப் பெட்டிக்குள் எறிந்தான். "குறை இல்லன்னு அன்னைக்கே எழுதியிருக்கணும். அண்ணி மனசு கஷ்டப்படுமேன்னு எழுதல. எழுதியிருந்தா நீங்க மாட்டியிருப்பீங்க, சண்டை போட்டிருப்பீங்க, ஆனா அந்த வாரமே உண்மை வெளிய வந்திருக்கும். இப்ப பாருங்க." பெட்டியை மூடினான். மறுபடி திறந்து உள்ளே பார்த்தான். மூடினான். "மூணு வாரமா என் கைய நானே நம்பல. வீட்டுல கேஸ் சிலிண்டர மூடிட்டு வெளிய வந்தா, மூடினேனான்னு நாலு தடவ திரும்பிப் போறேன். பஸ்ல ஏறினா, இது நான் பூட்டின சக்கரமான்னு குனிஞ்சு பாக்குறேன். நேத்து பாதி வழியிலயே எறங்கி நடந்துட்டேன்."

அவன் மறுபடி திறக்காமல் பெட்டி மூடியில் கை வைத்தேன்.

"ஏன் எறங்கின?"

"சும்மாதான். மூச்சு முட்டுச்சு."

"விரல் நுனியில ஏதாவது ஊர்ந்துச்சா?"

அவன் சட்டென்று என்னைப் பார்த்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி," என்றான். "எனக்கு ஒண்ணும் இல்ல."

"டேய்!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவனை 'டேய்' என்று கூப்பிட்டதில்லை. "அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத. கெளம்பு. டாக்டரம்மா ஏழு மணி வரைக்கும் இருப்பா."

ஓய்வறை வாசலில் சீட்டாடிக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். எண்ணெய்க் கையோடு அவன் மணிக்கட்டைப் பிடித்து, அவர்களுக்கு நடுவிலேயே இழுத்துக்கொண்டு போனேன்.